யார் கொடுத்த வேடம்?

மாசி மாதத்தில் வீரப்பூர்ப் படுகளத்தில் இளைஞர்கள் செத்து விழுவார்கள். அண்ணன்மார் என்று கொண்டாடப்படும் பொன்னரும் சங்கரும் அவர்களோடு நின்ற வீரர்களும் மாண்ட களம் அது என்பது கொங்கு மக்களின் நம்பிக்கை. அருள் வந்து ஆடியபடியே ஒவ்வொருவராக மண்ணில் சாய்வார்கள். அவர்களைப் பிணம்போல் கிடத்துவார்கள். பொன்னர் சங்கரின் தங்கை தங்காள் வந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் அவர்கள் எழுந்து உட்காருவார்கள். மணப்பாறைப் பக்கம் இருக்கும் அந்த ஊருக்குக் கோவையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். பெற்ற மகன் சிறிது நேரம் வேறொருவனாகி, செத்து, திரும்பி வருவதைத் தாயும் தகப்பனும் கைகூப்பி நின்று பார்க்கிறார்கள்.

அதே மகன் பீளமேட்டில் ஒரு விடுதி அறையில் நான்கு நண்பர்களோடு உட்கார்ந்து, "நான் ஒரு மந்திரவாதி, குகைக்குள்ள போறேன்" என்று சொல்லி இருபது முக டைஸை உருட்டினால் வீட்டில் கலக்கம் வந்துவிடுகிறது. "இது என்ன சாத்தான் வேலை", "ஹராமான ஆட்டம்", "சகுனி உருட்டுனதாட்ட உருட்டிக்கிட்டு" என்று ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் சமயத்தின் சொல்லில் கண்டனம் எழுகிறது. வேடம் புனைவதை ஓரிடத்தில் வணங்கும் மக்கள் இன்னோரிடத்தில் ஏன் அஞ்சுகிறார்கள்? மேற்குலகில் அரை நூற்றாண்டாக விவாதிக்கப்படும் இந்தக் கேள்வியைக் கொங்கு நாட்டில் நின்று பார்த்தால் வேறு விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

விளையாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் டி.எஸ்.ஆர். என்ற சிறு நிறுவனம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன். ஆடுகிறவர்கள் 'டி அண்ட் டி' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இதற்குக் கட்டங்கள் வரைந்த பலகை கட்டாயமில்லை. ஒருவர் கதை நடத்துவார், அவர்தான் டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொள்வார்கள்: வீரன், திருடன், மந்திரக்காரி, பூசாரி. எதிரே ஒரு பூதம் வந்தால் என்ன செய்வது என்று ஆடுகிறவர் சொல்வார்; அந்தச் செயல் பலிக்குமா என்பதை டைஸ் முடிவு செய்யும். பந்தயப் பணம் இல்லை. தோற்றவர், வென்றவர் என்ற கணக்குகூடப் பெரும்பாலும் இல்லை. மணிக்கணக்கில் பேசியே ஒரு கதையைக் கட்டுவார்கள். அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஒரே கதை ஆண்டுக்கணக்கில் ஓடுவதும் உண்டு.

இவ்வளவு சாதுவான ஒன்றின்மேல் அமெரிக்காவில் விழுந்த பழி கொடியது. 1979 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த 16 வயது மாணவர் ஒருவர் காணாமல் போனார். அவரைத் தேட அமர்த்தப்பட்ட தனியார் துப்பறிவாளர், வளாகத்தின் அடியில் ஓடும் நீராவிக் குழாய்ச் சுரங்கங்களில் இந்த ஆட்டத்தை நிஜமாகவே ஆடப்போய்ப் பையன் தொலைந்திருக்கலாம் என்று பத்திரிகைகளிடம் சொன்னார். ஆழ்ந்த மனச்சோர்வில் இருந்த அந்தப் பிள்ளை, சாகும் எண்ணத்தோடு சுரங்கத்துக்குள் போனவர். மறு ஆண்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய துயரத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. பிசாசு விளையாட்டு என்ற செய்தி மட்டும் ஊர் ஊராகப் போனது. 1982இல் வர்ஜீனியாவில் இன்னொரு மாணவர் தற்கொலை செய்துகொண்டபோது அவருடைய தாய் பாட்ரிசியா புல்லிங், பள்ளியில் ஆடிய ஆட்டத்தில் மகன்மேல் இடப்பட்ட சாபமே காரணம் என்று நம்பிப் பள்ளி முதல்வர்மேல் வழக்குப் போட்டார். வழக்கு தள்ளுபடியானது. 1983இல் அவர் தொடங்கிய 'பேட்' என்ற எதிர்ப்பு அமைப்பு தேவாலயங்களிலும் காவல்துறைப் பயிற்சிகளிலும் இடம்பிடித்தது. 1984இல் ஜாக் சிக் என்பவர் 'டார்க் டஞ்சன்ஸ்' என்ற சித்திரத் துண்டுப் பிரசுரத்தை அச்சிட்டு, ஆடுகிற பெண்பிள்ளைகள் சூனியக்காரிகளாகிறார்கள் என்று பரப்பினார். 1985இல் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி இதே சந்தேகத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அந்த நெருக்கடியில் 1989இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து பேய், பிசாசு என்ற சொற்களையே நிறுவனம் நீக்கி, அவற்றுக்குப் புதுப் பெயர்கள் சூட்டியது. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோதுதான் பழைய பெயர்கள் திரும்பின.

மகனை இழந்த அந்தத் தாயின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு காரணம் கிடைத்துவிட்டால் துக்கத்தைத் தாங்கலாம் என்று எந்தத் தாயும் நினைப்பாள். ஆனால் அந்தக் காரணம் பொய்யாக இருந்தது. மைக்கேல் ஸ்டாக்போல் என்ற விளையாட்டு எழுத்தாளர் 1990இல் புல்லிங்கின் ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து அவற்றின் ஓட்டைகளைக் காட்டினார். கோடிக்கணக்கானோர் ஆடும் ஒன்றில் ஆடியவர்களில் சிலர் இறந்தார்கள் என்பது எதையும் நிரூபிப்பதில்லை. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. இந்த விளையாட்டுக்குக் குள்ளர்களையும் தேவர்போன்ற எல்ஃப்களையும் கொடுத்த டோல்கியன் பக்தியான கத்தோலிக்கர். கைகாக்ஸ் ஒரு காலத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையில் இருந்தவர். கிறிஸ்தவ மனங்களிலிருந்து பிறந்த கற்பனையைக் கிறிஸ்தவ மேடைகளே பிசாசினுடையது என்றன.

இந்த அச்சம் ஏன் என்ற கேள்விக்கு நன்றாக விடை தேடியவர் சமய ஆய்வாளர் ஜோசப் லேகாக். 2015இல் வந்த அவருடைய 'டேஞ்சரஸ் கேம்ஸ்' என்ற நூலின் வாதம் இதுதான்: இந்த விளையாட்டும் சமயமும் ஒரே வகை வேலையைச் செய்கின்றன. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உலகத்தைப் பலர் கூடிக் கட்டுகின்றன. அதில் நன்மை, தீமை, விதி, வீரம் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கின்றன. தான் செய்வதை இன்னொன்று கூச்சமில்லாமல் விளையாட்டாகச் செய்வதைக் கண்டதும், நம்பிக்கை என்பதும் மனிதர்கள் கட்டியதுதானோ என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியைத் தாங்க முடியாதவர்கள் விளையாட்டைத் தாக்குகிறார்கள். அதற்கும் முன்பே, 1938இல் டச்சு வரலாற்றாசிரியர் யோகான் ஹைசிங்கா, கோயிலும் ஆடுகளமும் அன்றாட உலகிலிருந்து கோடு கிழித்துப் பிரித்த இடங்கள் என்ற வகையில் ஒன்றே என்று எழுதியிருந்தார். லேகாக் சொல்வது அமெரிக்காவுக்குப் பொருந்துகிறது. கொங்கு நாட்டுக்கு அது பாதிதான் பொருந்தும். இங்கே சமயமே வெளிப்படையாக வேடம் போடுகிறது. ஒளித்துவைக்க எதுவும் இல்லை.

கோவைக்கு இந்த விளையாட்டு தாமதமாக வந்தது. கற்பனைக்குத் தீனி முன்பே நிறைய இருந்தது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவின் வேதாளக் கதைகள், 1972இல் சிவகாசியிலிருந்து கிளம்பிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி, பிறகு வந்த லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என்று பழைய புத்தகக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. 2000களில் காந்திபுரத்திலும் பீளமேட்டிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தபோது கணினி விளையாட்டுகள் வந்தன. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி ஆடும் ஆட்டம் இங்கே பலருக்கும் தெரியவந்தது 2016இல் வந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்த பிறகுதான். அதன் நான்காம் பருவம், 2022இல், அமெரிக்கப் பீதியையே கதையாக்கியது. 2023இல் 'பால்டர்ஸ் கேட் 3' கணினி விளையாட்டு இன்னும் பலரை இழுத்தது. விளையாட்டு வருவதற்கு முன்பே அதைப் பற்றிய பயம் வந்துவிட்டது என்பதுதான் நம் ஊர்க் கதையின் தனித்தன்மை. ஹாரி பாட்டர் சூனியம் கற்றுத்தருகிறது, போக்கிமான் என்பது பிசாசுகளைப் பையில் வைத்துக்கொள்வது என்ற பேச்சுகள் பிரசங்கங்களின் வழியாகவும் கைமாறிய ஒலிநாடாக்கள், குறுந்தகடுகள், பின்னால் வாட்ஸாப் வழியாகவும் முன்னதாகவே இங்கே இறங்கியிருந்தன. டைஸைத் தொடாத பிள்ளைக்கும் அது தீட்டு என்று தெரிந்திருந்தது.

சினிமா பார்ப்பதையே பாவமாகக் கருதும் பெந்தெகொஸ்தே வீடுகளில் இது முதல் தடை அன்று. கடைசித் தடையும் அன்று. உபாகமம் 18ஆம் அதிகாரம் குறிசொல்வதையும் சூனியத்தையும் விலக்குகிறது. "நான் மந்திரம் போடுகிறேன்" என்று பிள்ளை வாயால் சொல்வதும் மந்திரம் போடுவதும் வேறு வேறு என்று அந்த வீட்டில் விளக்குவது கடினம், ஏனென்றால் அங்கே சொல்லுக்கே வல்லமை உண்டு. ஜெபம் சொல்தான்; ஆசீர்வாதம் சொல்தான். சொல்லை இவ்வளவு மதிக்கிற ஒரு தாய், பிள்ளையின் விளையாட்டுச் சொல்லுக்கும் அஞ்சுவது அவளுடைய நம்பிக்கைக்குள் நேர்மையான அச்சம். அவளை அறிவிலி என்று ஒதுக்கிவிட்டு இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள முடியாது.

கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் உள்ள முஸ்லிம் வீடுகளில் கவலை முதலில் பகடையைப் பற்றியது. பகடை உருட்டி ஆடும் நர்த் என்ற ஆட்டத்தைக் கண்டிக்கும் நபிமொழி உண்டு. அதைக் கொண்டு பணம் வைக்காத பகடை ஆட்டத்தையும் விலக்கும் அறிஞர்கள் பலர். அதற்கு மேல் பல தெய்வங்கள் வரும் கதை. 2001இல் சவூதி அரேபியா போக்கிமானைத் தடைசெய்தபோது சூதாட்டமும் சமய விரோதமும் காரணமாகச் சொல்லப்பட்டன. இந்து வீடுகளில் கொள்கையாக யாரும் தடுப்பதில்லை. அங்கே தாயம் உருட்டினால் வீட்டுக்கு ஆகாது என்பார் பாட்டி. படிப்பு கெடும் என்பார் அப்பா. திருக்குறள் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறது. பாரதக் கதை முழுவதும் ஓர் ஆட்டத்தில் தோற்றதன் விளைவு. ஈரோட்டில் பிறந்த பகுத்தறிவு மரபில் வளர்ந்த வீடு என்றால் எதிர்ப்பு மறுபக்கத்திலிருந்து வரும்: பூதம், பிசாசு, மந்திரம் என்று படித்த பிள்ளை பேசலாமா?

இந்த எதிர்ப்புகளையெல்லாம் அடுக்கிவிட்டு, அதே சமயங்கள் இதே மண்ணில் என்ன செய்தன என்று பார்க்க வேண்டும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடுவது வைணவ வழக்கம். தாயக்கட்டையை உருட்டி, பாம்பின் வாயில் விழுந்து, ஏணியில் ஏறி, வைகுண்டம் போய்ச் சேரும் ஆட்டம் அது. ஆடுகிறவர் அந்த இரவு முழுவதும் ஓர் ஆன்மாவின் வேடத்தில் இருக்கிறார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி என்ற ஆட்டவடிவத்தை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். அதில் குறி சொல்லும் குறத்தி கிறிஸ்துவின் புகழைச் சொல்கிறாள். உபாகமம் விலக்கிய குறி, வேடமாக வந்தபோது சபைக்கு ஏற்புடையதானது. ஈரோட்டில் பணியாற்றிய லண்டன் மிஷன் பாதிரியார் எச்.ஏ. பாப்லி, கதாகாலட்சேப முறையைக் கற்றுக்கொண்டு நம் இசையிலேயே நற்செய்தி சொன்னார். கத்தோலிக்க ஊர்களில் பாஸ்கு நாடகத்தில் யாரோ ஒருவர் யூதாசாக வருகிறார். யாரோ ஒருவர் சாத்தானாகவும் வருகிறார். அவர்களைச் சபை விலக்கிவைப்பதில்லை. தமிழ் முஸ்லிம்களின் படைப்போர் இலக்கியங்களில் வீரர்கள் மாய உலகங்களில் போரிடுகிறார்கள். நூறு மசலா என்ற நூலில் அரசகுமாரி கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லித்தான் நாயகன் உயிர் பிழைக்கவும் அவளை மணக்கவும் முடியும், எந்த டி.எம்.மும் பொறாமைப்படும் கதையமைப்பு அது. முகரம் பண்டிகையில் புலிவேடம் கட்டி ஆடிய தெருக்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பாரதத்தில் வரும் அரவானுக்குக் கோவை சிங்காநல்லூரில் இன்றும் திருவிழா நடக்கிறது.

எல்லாவற்றுக்கும் உச்சியில் அண்ணன்மார் கதை. 1965இல் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது உடுக்கடிப் பாட்டாக அந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தார். பாடி முடிக்க 18 இரவுகள் ஆயின. குன்னுடையாக் கவுண்டரும் தாமரையும் பட்ட பாடு, பொன்னர் சங்கர் பிறப்பு, கொம்பன் என்ற காட்டுப்பன்றி, வேட்டுவர் தலைவன் தலையூர்க் காளியோடு பகை, தங்காளின் சாபம், கடைசியில் படுகளம். ஊர்ப் பிள்ளைகள் மடியில் தூங்கி விழித்து, தூங்கி விழித்துக் கேட்ட கதை. பெக் பின்னாளில் அதை 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் ஆக்கினார். அந்த 18 இரவுகளில் பாடகர் ஒருவரே அண்ணனாகவும் தம்பியாகவும் தங்கையாகவும் பன்றியாகவும் பேசுவார். துணைப்பாடகர் இடையிட்டுக் கேள்வி கேட்பார். கேட்கிற கூட்டம் அழும். சில இரவுகளில் கூட்டத்திலேயே ஒருவருக்குச் சாமி வந்துவிடும்.

இதை வைத்துத்தான் சொல்கிறேன்: நம் சமயங்கள் வேடத்தை எதிர்க்கவில்லை. தாங்கள் கொடுக்காத வேடத்தை எதிர்க்கின்றன. குறத்தி வேடத்தைச் சபை கொடுத்தால் அது ஊழியம். பிள்ளை தானே எடுத்தால் சூனியம். தாயக்கட்டையைக் கோயில் கொடுத்தால் விரதம். நண்பன் கொடுத்தால் சூது. கொடுப்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை அதிகார ஆசை என்று மட்டும் சொல்லிவிட மாட்டேன். கொடுப்பவர் ஒருவர் இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளவும் ஒருவர் இருப்பார் என்ற ஆறுதல் அதில் உண்டு. படுகளத்தில் விழுந்தவனை எழுப்பத் தங்காள் இருக்கிறாள். சாமியாடியவருக்கு விபூதி பூசித் தண்ணீர் கொடுத்து, "சாமி மலையேறிருச்சு" என்று சொல்ல ஊரார் இருக்கிறார்கள். விடுதி அறையில் மந்திரவாதியாகிப்போன மகனைத் திருப்பி எழுப்ப யார் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தத் தாயின் வாயில் சாத்தான் என்ற சொல்லாக வருகிறது. 1979இல் அமெரிக்கா பயந்ததும் இதற்குத்தான்: வேடத்துக்குள் போனவன் திரும்பாமல் போய்விடுவான் என்று.

அந்த இடத்தில் விளையாடுகிறவர்கள் சொல்வதைப் பெரியவர்கள் கேட்க வேண்டும். அனுபவமுள்ள குழுக்கள் கதை தொடங்குவதற்கு முன்பே ஒரு நாள் உட்கார்ந்து எதையெல்லாம் கதைக்குள் கொண்டுவரக் கூடாது என்று பேசி முடிவு செய்கின்றன. பல மேசைகளில் எக்ஸ் என்று எழுதிய ஓர் அட்டை நடுவே கிடக்கும். யாராவது மனம் பதறி அதைத் தொட்டால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை நிறுத்திவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் தங்கள் சொந்தப் பெயருக்குத் திரும்பி, நடந்ததைப் பற்றிச் சிரித்துப் பேசிவிட்டுத்தான் கலைவார்கள். எழுப்பி விடுவதற்கு அவர்களும் ஒரு முறையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

பெரியவர்களின் கவலையில் முழு நியாயம் உள்ள ஒரு பகுதியும் உண்டு. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து பலர் உயிரை விட்டார்கள். அதைத் தடைசெய்ய 2022இல் அவசரச் சட்டம் வந்தது. ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பி, பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023இல் சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றின் மீதான தடையை நீக்கியது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடைசெய்தது. இவையெல்லாம் பெற்றோரின் காதில் 'கேம்' என்ற ஒரே பெயராக விழுகின்றன. பணம் பிடுங்கும் செயலியும் நான்கு பேர் கூடிக் கதை சொல்லும் மேசையும் அவர்களுக்கு ஒன்றாகிவிடுகின்றன. பணம் பிடுங்கும் செயலியை எதிர்ப்பதில் நான் பெற்றோர் பக்கம். கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து மூன்று மணி நேரம் பேசும் ஒரு பழக்கத்தைப் பிள்ளை தானாகத் தேடிக்கொண்டால், அதை அதே பட்டியலில் சேர்ப்பது அநியாயம்.

வேடத்தைக் கொடுப்பவர் யார் என்ற கேள்வி, யாருக்குக் கொடுக்கிறார் என்ற இடத்துக்கு வரும்போது கொங்கு நாட்டில் இன்னும் கூர்மையாகிறது. திருவிழாவில் எந்த வேலை எந்தச் சாதிக்கு, எந்த மரியாதை எந்தக் குடும்பத்துக்கு என்பதெல்லாம் முன்பே முடிவானவை. அண்ணன்மார் கதையில் சாம்புவன் ஒப்பற்ற வீரன். அண்ணன்மாருக்காக உயிரையும் கொடுப்பவன். ஆனால் அவன் எப்போதும் ஏவலன். அவனுடைய வேடம் அவன் சாதியோடு வருகிறது. டைஸ் மேசையில் இது கலைந்துபோகிறது. தோட்டத்துக் கவுண்டர் வீட்டுப் பையன் திருடனாக இருக்கிறான். அருந்ததியர் தெருவிலிருந்து முதல் தலைமுறையாகப் பொறியியல் படிக்க வந்த பெண் அரசியாகவோ பூசாரியாகவோ உட்காருகிறாள். அவள் உருட்டும் எண்ணுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். 1997 நவம்பர் கலவரத்துக்கும் 58 பேரைப் பலிகொண்ட 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளுக்கும் பிறகு மதம் மதமாக ஒதுங்கிப்போன ஒரு நகரத்தில், மூன்று மதத்துப் பிள்ளைகள் ஒரே குகைக்குள் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு நடக்கிறார்கள் என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. இதுவே சில வீடுகளில் சொல்லப்படாத எதிர்ப்புக்கும் காரணம். "யார் யாரோட உட்கார்ந்து ஆடறே?" என்ற கேள்வி சாத்தானைப் பற்றியது அன்று.

கொங்கில் இந்தக் கலைப்பைச் செய்தவர்கள் விளையாட்டுக்காரர்கள் மட்டும் அல்லர். வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியை ஆண்களே ஆடிவந்த காலத்தில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் கோவைப் பகுதியைச் சேர்ந்த பத்திரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று கொங்கு முழுக்க நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே சீருடையில் திரண்டு ஆடும் கும்மியைப் பெருமையாகப் படம் பிடிக்கிறார்கள். வேடத்தைப் புதியவர் கையில் கொடுத்ததால் வள்ளிக்கு எந்தக் குறையும் வரவில்லை.

எதிர்முனையில் திருச்செங்கோடு இருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வந்து, 2014 டிசம்பரில் அங்கே எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் தனக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த நாவலின் மையத்தில் இருப்பதும் ஒரு வேடம்தான்: தேர்த்திருவிழாவின் ஓர் இரவில் முகம் தெரியாத ஆண்கள் சாமியாகக் கருதப்படுவதாகக் கதை சொல்கிறது. கோயிலுக்குள்ளும் கூத்திலும் அனுமதி பெற்று உலவும் கற்பனை, தனியொருவர் பேனாவிலிருந்து வந்தபோது எரிந்தது. சாதி மானம் என்ற காவல்காரன் சமயத்தின் வாசலில் நிற்கிறான் என்பதை அந்த நிகழ்ச்சி எல்லோருக்கும் காட்டியது.

நம் தெய்வங்களே விளையாட்டுக்குள் போகும்போது என்ன ஆகிறது என்பதும் இந்தக் கேள்விக்குள் அடங்கும். 1977இல் டி அண்ட் டியின் 'மான்ஸ்டர் மேனுவல்' வந்தபோது நம் ராட்சசன் புலித்தலையோடு அதில் இடம்பெற்றான். 1980இல் வந்த 'டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூலில் இந்திரனுக்கும் அக்னிக்கும் காளிக்கும் இத்தனை உயிர்ப்புள்ளிகள் என்று எண் போட்டிருந்தார்கள். அதாவது அடித்தால் சாகக்கூடிய காளி. அப்போது இங்கே யாரும் அதைப் பார்க்கவில்லை. 2009இல் ஐதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' வந்தபோது, தெய்வத்தை விளையாடுபவர் விசையால் இயக்குவது இழிவு என்று அமெரிக்காவில் வாழும் இந்துத் தலைவர் ராஜன் ஜெட் எதிர்த்தார். பின்னர் 'ஸ்மைட்' விளையாட்டில் காளியின் தோற்றத்தையும் எதிர்த்தார். 2016இல் போக்கிமான் கோ ஆட்டத்தின் முட்டைகள் கோயில் வளாகங்களில் தோன்றுகின்றன என்ற பொதுநல வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. கிறிஸ்தவ எதிர்ப்பு, பிள்ளை பிசாசின் கைக்குள் போய்விடுவான் என்று அஞ்சியது. இந்து எதிர்ப்பு, சாமி பிள்ளையின் கைக்குள் வந்துவிடுகிறது என்று அஞ்சுகிறது. இந்த இரண்டாவது அச்சத்தில் எனக்குக் கொஞ்சம் உடன்பாடு உண்டு: யாரோ வழிபடும் ஒன்றுக்கு எண் போட்டு அடித்துப் பார்ப்பதில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது. ஆனால் கூத்தில் கிருஷ்ணன் திருடி மாட்டிக்கொள்வதையும், கட்டியங்காரன் அரசரைக் கிண்டல் செய்வதையும் பார்த்துச் சிரித்து வளர்ந்த மக்கள், சாமியோடு விளையாடுவது சாமியை அவமதிப்பது என்று திடீரென்று நம்பத் தொடங்கியிருப்பது புதிய பழக்கம்.

அடுத்து நடக்கக்கூடியதும் நடக்க வேண்டியதும் ஒன்றே. டிராகனையும் எல்ஃபையும் ஆடிப் பழகிய கோவைப் பிள்ளைகள் சிலராவது பொன்னர் சங்கரின் வளநாட்டையும் கொம்பன் பன்றியையும் வைத்துத் தங்கள் சொந்த ஆட்டத்தை எழுதுவார்கள். கதை தயாராக இருக்கிறது: கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதை இருக்கிறது, பெக்கின் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. அப்போது எழும் எதிர்ப்பு சாத்தானைப் பற்றியதாக இருக்காது. அந்த மேசையில் யாராவது ஒருவர் தலையூர்க் காளியின் பக்கம் நிற்க விரும்புவார். அவரைத் தங்கள் வீரராகப் போற்றும் வேட்டுவர்கள் கொங்கில் இருக்கிறார்கள். இன்னொருவர் சாம்புவனை எடுத்துக்கொண்டு, நான் யாருக்கும் ஏவலன் இல்லை என்று முதல் ஆட்டத்திலேயே சொல்லுவார். தங்காளாக இருக்கும் பெண், அண்ணன்மாரைப் போருக்கு அனுப்ப மாட்டேன் என்று மறுக்கலாம். டைஸ் அவள் பக்கம் விழுந்தால் படுகளமே நடக்காது. கதை தெரிந்த பெரியவர் ஒருவர் அந்த மேசையில் டி.எம். ஆக உட்கார முன்வந்தால், இந்தப் பிள்ளைகள் நிச்சயம் அவருக்கு இடம் விடுவார்கள்.